விலக்கப்பட்ட வீரனும் நன்றிக் கடனும்

ஒரு தொழிலில் நெடுங்காலம் உழைத்துப் பெயரெடுத்த ஒருவன், வயது ஏறிவிட்டது என்ற காரணத்தால் விலக்கப்பட்டு வெளியே நிற்கிறான். வேறோரிடத்தில் அவன் செய்யத்தக்க வேலை ஒன்று இருக்கிறது. அவனை ஏற்றுக்கொள்வது முறையா, அன்றா? இவ்வினாவைக் கேட்ட மாத்திரத்தில் நம்முள்ளே இருவர் விடை கூற எழுந்து நிற்கின்றனர். ஒருவர் இதயத்தின் பெயரால் பேசுகிறார். மற்றவர் கணக்கேட்டின் பெயரால் பேசுகிறார். இருவரும் தத்தம் வழக்கில் உறுதியாகவே நிற்கின்றனர். ஆயினும் இருவருமே வினாவின் ஒரு பாதியைத்தான் கேட்டிருக்கின்றனர் என்பது நமது கருத்து.

இவ்வினா மிக வெளிப்படையாகக் கேட்கப்படும் இடங்களுள் ஒன்று அமெரிக்க உதைபந்தாட்ட உலகம். பெயர் உதைபந்தாட்டமே எனினும், அங்கே பந்து பெரும்பாலும் கையிலேயே இருக்கும். றகர் ஆட்டத்தைக் கண்டவர்களுக்கு அதன் சாயல் ஓரளவு விளங்கும். பந்தை முன்னோக்கி எறிபவன் ஒருவன். மைதானத்தின் ஓரத்திலிருந்து விரைந்தோடி, எதிரணியினரின் இடையே தாவி அதைப் பிடிப்பவன் வேறொருவன். இந்த இரண்டாமவனை ‘வைட் றிசீவர்’ என அழைப்பர். நாம் அவனைப் பந்தேற்பாளன் என்போம். அவனுடைய மூலதனம் கால்களின் வேகம். மற்றெல்லாத் திறமைகளும் வயதோடு முதிரலாம். வேகமோ வயதோடு தேயும். ஆகவே பந்தேற்பாளனின் முதுமை முப்பது வயதிலேயே கதவைத் தட்டத் தொடங்கிவிடுகிறது.

தேசிய உதைபந்தாட்ட லீக்கில் 32 கழகங்கள் உள்ளன. கோடைகாலப் பயிற்சி முகாமில் ஒவ்வொரு கழகமும் ஏறத்தாழ 90 பேரை வைத்திருக்கிறது. பருவம் தொடங்குமுன் அத்தொகை 53ஆகக் குறைக்கப்படவேண்டும் என்பது விதி. அதாவது, ஆண்டுதோறும் ஓரிரு நாட்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தம் இடத்தை இழக்கின்றனர். அவர்களுட் சிலர் பயிற்சிக் குழுக்களில் மீள இடம் பெறுவர். பலருக்கு அதுவே அவ்வாட்டத்தின் கடைசி நாள். இந்தக் கூட்டத்தினிடையே, ஒரு காலத்தில் இலட்சக்கணக்கானோரின் ஆரவாரத்தைக் கேட்ட ஒரு முதிய வீரனும் நிற்பான். அவனை நம் கழகம் எடுக்கலாமா என்ற வாதம் உடனே எழும். தேநீர்க்கடை வாதம் போலத் தோன்றினும், மனிதனுக்கும் அவன் உழைப்புக்கும் உள்ள உறவு பற்றிய பழைய வழக்கே அங்கு நடைபெறுகின்றது.

வெறும் தத்துவமாக இதனைப் பேசுவதிலும், ஒருவருடைய வரலாற்றை முன்வைத்துப் பேசுதல் நன்று. ஜெரி றைஸ் 1962இல் மிசிசிப்பி மாநிலத்திற் பிறந்தவர். செங்கல் அடுக்கும் கொத்தனார் ஒருவரின் மகன். இளமையில் தந்தையோடு வேலைக்குச் சென்று, கீழிருந்து எறியப்படும் செங்கற்களை மேலே நின்று பிடித்துப் பழகிய கைகள் அவருடையவை. 1985இல் சான் பிரான்சிஸ்கோ நகரின் கழகம் அவரைத் தெரிந்தெடுத்தது. பதினாறு பருவங்கள் அவர் அங்கு ஆடினார். மூன்று தடவை அக்கழகம் சூப்பர் போல் எனப்படும் இறுதி வெற்றியை அடைய உதவினார். ஆடி முடித்தபோது அவர் பந்தேற்றுக் கடந்த தூரம் 22,895 யார். அத்தூரத்தை இன்றுவரை எவரும் எட்டவில்லை.

2000ஆம் ஆண்டு டிசெம்பரில், சான் பிரான்சிஸ்கோ மைதானத்தில் அவருடைய கடைசி ஆட்டம் நடைபெற்றது. அன்று மக்கள் அவருக்கு விடைகொடுக்க வந்திருந்தனர். ஆனால் அந்நாளின் நாயகர் அவரல்லர். அதே அணியின் இளம் பந்தேற்பாளரான ரெறல் ஓவென்ஸ் ஒரே ஆட்டத்தில் 20 தடவை பந்தைப் பிடித்து, அந்நாள்வரை இருந்த சாதனையை முறியடித்தார். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் றைஸ் விலக்கப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 38. கழகத்தின் சம்பளக் கணக்கு நெருக்கடியில் இருந்தது, இளையவர்கள் காத்திருந்தனர். விலக்கியவர்கள் கொடியவர்களென்று நாம் கூறவரவில்லை. அவர்களுடைய கணக்கு அவ்வாறு கூறிற்று; அவர்கள் கணக்குக்குக் கீழ்ப்படிந்தனர்.

அக்கோடையிலேயே வளைகுடாவின் மறுகரையில், அந்நாளில் ஓக்லண்ட் நகரில் இருந்த கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. நிகழ்ந்தது என்ன? 2001ஆம் ஆண்டுப் பருவத்தில் 1,139 யார். 2002இல், நாற்பது வயதில், 1,211 யார். 2003 ஜனவரியில் அக்கழகம் இறுதிப் போட்டிக்கே சென்றது. அதில் அது தோல்வியுற்றதெனினும், நாற்பது வயது நிரம்பிய அம்மனிதர் அன்றும் பந்தைப் பிடித்துக்கொண்டு எல்லைக்கோட்டைக் கடந்தார். 

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு இதயத்தின் வழக்கறிஞர் மகிழ்ந்து கூறுவார்: ‘பார்த்தீர்களா? அவருக்கு நன்றி செலுத்துவதே முறை என்று அப்பொழுதே சொன்னோமே!’

இவ்விடத்தில் நாம் சற்று நிதானிக்கவேண்டும். செய்ந்நன்றி மறத்தல் பெரும் பிழை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் நன்றி யாருக்கு யார் செலுத்தவேண்டியது? பதினாறு ஆண்டுகள் அவர் உழைப்பின் பயனை அனுபவித்தது சான் பிரான்சிஸ்கோ. ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டப்பட்டது ஓக்லண்ட். பெற்றவன் ஒருவன், கடன் தீர்க்கும்படி கேட்கப்படுபவன் மற்றொருவன். நன்றிக் கடனை அயலானின் வாசலிற் கொண்டுபோய் இறக்கிவைப்பது நன்றியாகாது.

அது மட்டுமன்று. 53 இடங்கள் மட்டுமே உண்டு என்பதை மறந்துவிடலாகாது. இரக்கத்தினால் முதியவர் ஒருவருக்கு இடம் கொடுக்கப்படின், அவ்விடம் வானத்திலிருந்து வருவதில்லை. பெயர் அறியாத ஓர் இளைஞனிடமிருந்து அது எடுக்கப்படுகிறது. அவனும் உழைப்பாளியே. அவனுக்காக ஆரவாரிக்க எவருமில்லை. அவனுடைய படம் எந்தச் சுவரிலும் தொங்கவில்லை. ஆயினும் அவனுடைய வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும். அவனிடமிருந்து எடுத்துப் புகழ்பெற்றவருக்குக் கொடுத்துவிட்டு, நாம் தாராள மனம் படைத்தவர்கள் என்று நம்மை நாமே பாராட்டிக்கொள்வது, கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான்.

ஆகவே, இரக்கத்திற்காக ஒருவரை அணியிற் சேர்த்தல் முறையன்று. இதுவரையில் கணக்கேட்டின் வழக்கறிஞர் தலையசைத்துக்கொண்டிருப்பார். இனி அவரை விசாரிப்போம்.

கிரேக்க அறிஞர் அரிஸ்ரோட்டில் அரசியலைப் பற்றி எழுதிய நூலில் ஓர் உவமையைக் கையாள்கிறார். சிறந்த புல்லாங்குழலை யாருக்குக் கொடுப்பது? உயர்குடியிற் பிறந்தவனுக்கா, அழகனுக்கா? இல்லை, அதை நன்றாக ஊதவல்லவனுக்கே கொடுக்கவேண்டும் என்பது அவர் முடிவு. வேலையை வேலை செய்யவல்லவனுக்குக் கொடு என்னும் இந்நியாயத்தையே கணக்கேட்டுக்காரரும் தமது துணையாகக் கொள்கிறார். நல்லது. ஆனால் அந்நியாயத்தை அவர் இறுதிவரை பின்பற்றுகிறாரா? ஒருவன் ஊதிக் காட்டுமுன்னரே, ‘உன் பிறந்த ஆண்டு என்ன?’ என்று கேட்டு அவனைத் திருப்பி அனுப்புபவர் புல்லாங்குழல் நியாயத்தைப் பின்பற்றுபவரல்லர். பிறந்த குடியைப் பார்த்துக் குழலைக் கொடுப்பது பிழையாயின், பிறந்த ஆண்டைப் பார்த்துக் குழலை மறுப்பதும் பிழையே. 38 வயதினருட் பலர் ஓடமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் வாசலில் வந்து நிற்பது சராசரியன்று, ஒரு மனிதன். அவனை ஓடவிட்டுப் பார்த்த பின்னரே அவனைப் பற்றித் தீர்ப்புக் கூறலாம்.

கணக்கேட்டுக்காரர் எளிதில் விட்டுவிடமாட்டார். ‘ஓடவிட்டுப் பார்த்தாலும் நாளை நடப்பது தெரியுமா?’ என்று கேட்பார். அவர் கேள்வியில் நியாயமுண்டு. டெஸ் பிறையன்ற் என்பவர் டலஸ் கழகத்தில் எட்டுப் பருவங்கள் ஆடிப் புகழ்பெற்றவர். 2018 ஏப்பிரலில் அவர் விலக்கப்பட்டார். பருவத்தின் பாதி கழிந்தபின், நவம்பர் மாதத்தில், நியூ ஓர்லியன்ஸ் கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தமான சில நாட்களுக்குள், பயிற்சியின்போது, அவருடைய குதிகாலின் தசைநார் அறுந்தது. அப்பருவத்தில் அக்கழகத்துக்காக ஓர் ஆட்டமேனும் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. அவருக்கு அப்பொழுது முப்பது வயது. நாற்பது வயதில் றைஸ் ஓடினார். முப்பது வயதில் பிறையன்ற் வீழ்ந்தார். இருவரையும் ஏற்றுக்கொண்ட நாளில், எவர் ஓடுவார், எவர் வீழ்வார் என்பதை அறிந்தவர் யார்?

இங்குதான் வினாவின் மறைந்திருந்த மறுபாதி வெளிப்படுகிறது. முதிய வீரன் ஒருவனை ஏற்றுக்கொள்வதில் ஆபத்து உண்டு. அதனை நீக்க எவராலும் முடியாது. அவ்வாறாயின், அந்த ஆபத்தின் செலவை யார் சுமப்பது என்பதே உண்மையான அறவினா. ‘எடுக்கலாமா, விடலாமா?’ என்று இரவு முழுவதும் வாதிடுவோர் இக்கேள்வியைக் கேட்பதில்லை. கேட்காமலே அதற்கு ஒரு விடை எழுதப்பட்டுவிட்டது. அது ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துக்களுக்குள் இருக்கிறது.

அந்த விடையைச் சற்று வாசித்துப் பார்ப்போம். 1994ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு கழகத்தின் மொத்தச் சம்பளத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. பல ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்யப்பட்ட வீரன் ஒருவனை ஜூன் முதலாந் திகதிக்குப் பின் விலக்கினால், அவனால் அவ்வரம்பில் ஏற்படும் சுமையை இரண்டு ஆண்டுகளுக்குப் பங்கிட்டுக்கொள்ளக் கழகத்தால் முடியும். இது கழகத்துக்கு வசதி. ஆனால் அதற்குள் மற்றக் கழகங்கள் தம் பணத்திற் பெரும்பகுதியைச் செலவிட்டிருக்கும். சந்தை கலையும் வேளையில் அம்மனிதன் சந்தைக்கு அனுப்பப்படுகிறான்.

இன்னொரு விதி. நான்கு பருவங்களேனும் ஆடி முடித்த வீரன், பருவத்தின் முதல் ஆட்டத்தின்போது கழகத்தின் பட்டியலில் இருந்தால், பின்னர் விலக்கப்பட்டாலும் அப்பருவத்தின் அடிப்படைச் சம்பளத்தில் எஞ்சியதைக் கோரும் உரிமை அவனுக்கு உண்டு. தொழிற்சங்கம் வாதாடிப் பெற்ற உரிமை அது; வாழ்நாளில் ஒரு தடவை மட்டுமே பயன்படுத்தக்கூடியது. விளைவு என்ன? முதிய வீரனை ஏற்றுக்கொள்ள எண்ணும் கழகம், பல வேளைகளில், முதல் ஆட்டம் முடியும்வரை காத்திருக்கிறது. அதன் பின்னர் அழைத்தால் அம்முழுப் பாதுகாப்பு அவனுக்கில்லை. ஒரு வாரம் தாமதித்து அழைப்பதனால் அவனுடைய கால்களின் வேகம் கூடப்போவதுமில்லை, குறையப்போவதுமில்லை. ஆபத்தின் சுமை மட்டும் கழகத்தின் தோளிலிருந்து அவன் தோளுக்கு மாறிவிடுகிறது.

விதிகள் யாவும் ஒரே பக்கம் சாய்ந்தவை என்று கூறுதல் நீதியாகாது. அனுபவம் கூடக்கூட மிகக்குறைந்த சம்பளமும் கூடவேண்டும் என்பது லீக்கின் ஒழுங்கு. 2024ஆம் ஆண்டில் புதியவனுக்கு அது 795,000 டொலர். ஏழாண்டு நிறைந்தவனுக்கு 1,210,000 டொலர். ஆனால் முதியவனைக் காக்க வந்த இவ்வேற்பாடே அவனை விலையுயர்ந்தவனாக்கி வெளியே தள்ளக்கூடும் என்பதைச் சங்கமும் கழகங்களும் உணர்ந்தன. அதனால் ஓர் இணக்கம் கண்டன. குறிப்பிட்ட வகையான ஓராண்டு ஒப்பந்தத்தில் முதியவன் தன் முழுச் சம்பளத்தையும் பெறுவான். உச்சவரம்புக் கணக்கிலோ இரண்டாண்டு அனுபவமுள்ள ஒருவனின் தொகையே பதியப்படும். இது சிறிய ஏற்பாடுதான். ஆயினும் நமக்கு அது பெரியதொன்றைக் கற்பிக்கிறது. மனித வயதின் செலவைத் தனிமனிதனின் தலையில் மாத்திரம் கட்டாமல், எல்லாருமாகப் பங்கிட்டுக்கொள்ள முடியும். மனமிருந்தால் விதியும் இருக்கும்.

இவ்வேளையில் வாசகர் ஒருவர் பொறுமையிழந்து குறுக்கிடக்கூடும். ‘ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் டொலர் வாங்குபவனுக்காகவா நீங்கள் கண்ணீர் வடிக்கிறீர்கள்? உலகில் உழைத்து ஓய்ந்து, ஒரு சதமும் இன்றித் தெருவில் நிற்போர் இல்லையா?’ இக்கோபம் நியாயமானது. அதனை நாம் மதிக்கிறோம். அவர்களின் துயரோடு இவர்களின் துயரை ஒப்பிட நாம் வரவில்லை. எனினும் இரண்டு விடயங்களைச் சிந்திக்குமாறு வேண்டுகிறோம்.

முதலாவது, இத்தொழிலின் ஆயுள் மிகக் குறுகியது. வீரர்களின் சங்கம் அதன் சராசரி மூன்றாண்டுகளுக்குச் சற்று மேல் என்றே கூறிவந்திருக்கிறது. பெருந்தொகை வாங்குபவர் சிலர். ஓரிரு பருவங்களில் மறைந்துபோவோர் பலர். அவர்கள் அத்தொழிலில் விட்டுச்செல்வது வியர்வையை மட்டுமன்று. பிற்ஸ்பேர்க் கழகத்தின் புகழ்பெற்ற வீரர் மைக் வெப்ஸ்ரர் 2002இல் ஐம்பது வயதில் இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்த மருத்துவர் பெனற் ஒமாலு, தலையில் மீண்டும் மீண்டும் விழுந்த அடிகளோடு தொடர்புடைய சிதைவை அதிற் கண்டு, 2005இல் வெளியிட்டார். முன்னாள் வீரர்கள் தொடர்ந்த வழக்கிற்கு 2015இல் நீதிமன்றம் ஓர் உடன்பாட்டை அங்கீகரித்தது. ஆடி ஓய்ந்தவருள் தகுதி பெற்றோருக்குக் கழகங்களின் மருத்துவக் காப்புறுதி ஐந்தாண்டு நீடிக்கும். மூளையின் நோயோ ஐந்தாண்டுக் கெடுவைப் பார்த்து வருவதில்லை.

இரண்டாவது, இதைவிட முக்கியமானது. பேரும் புகழும், சங்கமும் வழக்கறிஞரும் உடைய ஒருவனையே ஒரு நாளில் வெறும் செலவுக் கணக்காக மாற்றிவிட முடியுமானால், இவை ஒன்றும் இல்லாதவனின் நிலை எத்தகையது? விளையாட்டு மைதானத்தின் வெளிச்சத்தில் நாம் தெளிவாகக் காண்பது, தொழிற்சாலையின் பின்வாசலில் இருளில் நாள்தோறும் நடப்பதையேதான்.

ஜேர்மன் தத்துவஞானி கான்ற், விலை உடையவை வேறு, மாண்பு உடையவை வேறு எனப் பிரித்தார். விலையுடைய பொருளுக்குப் பதிலாக வேறொன்றை வைத்துவிடலாம். மாண்புடையதற்கு ஈடாக வைக்கத்தக்கது எதுவுமில்லை. இப்பிரிவை மனத்திற்கொண்டு றைஸின் கடைசி அத்தியாயத்தைப் பார்ப்போம். 2004இல் ஓக்லண்டிலிருந்து சியற்றிலுக்குக் கைமாற்றப்பட்டார். 2005இல் டென்வர் கழகத்தின் முகாமுக்குச் சென்றார். முன்வரிசையில் இடமில்லை என்று கண்டு, பருவம் தொடங்குமுன் ஓய்வை அறிவித்தார். 2006 ஓகஸ்றில் சான் பிரான்சிஸ்கோ கழகம் அவரை அழைத்து, தமது வீரராகவே ஓய்வுபெறும் வண்ணம் ஒரு நாள் ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டது. ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட தொகை 1,985,806.49 டொலர். அவர் வந்த ஆண்டு 1985. அவர் சட்டையின் இலக்கம் 80. ஓய்வுபெற்ற ஆண்டு 06. கழகத்தின் பெயரில் உள்ள இலக்கம் 49. அழகிய எண் விளையாட்டு. அத்தொகையில் ஒரு சதமும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. அது சடங்கு மாத்திரமே.

அச்சடங்கை நாம் ஏளனம் செய்யமாட்டோம். அவர் அதனை மனமுவந்தே ஏற்றார். மதிப்புக் காட்டுவதும் மனிதருக்குத் தேவையானதே. ஆயினும் விலை பேசவேண்டிய வேளையில் விலையை மட்டும் பேசிவிட்டு, செலவில்லாத வேளை வந்தபோது மாண்பைக் கொண்டாடுவது எளிது. மாண்பு என்பது விடைபெறும் நாளில் அணிவிக்கும் மாலையன்று; விலை பேசும் நாளிலும் உடனிருக்கவேண்டியது.

ஓவென்ஸின் வரலாற்றையும் கூறாமல் முடித்தல் தகாது. 2000இல் முதியவரின் விடைபெறும் நாளைத் தன் சாதனையால் நிரப்பிய அந்த இளைஞரை, 2009இல் டலஸ் கழகம் விலக்கியது. பின்பு பவலோவில் ஓராண்டு, சின்சினாட்டியில் ஓராண்டு. 2012 ஓகஸ்றில் சியற்றில் கழகம் அவரை ஏற்றுக்கொண்டு, அம்மாதத்திலேயே விலக்கியது. அப்பொழுது அவருக்கு வயது 38. சான் பிரான்சிஸ்கோவின் வாசலில் றைஸ் நின்றபோது இருந்த அதே வயது! இன்று இடத்தைப் பெறும் இளைஞனும் நாளை அவ்வாசலில் நிற்கப்போகிறவனே. ஆகவே முதியவனின் உரிமைக்காகப் பேசுவது இளையவனுக்கு எதிராகப் பேசுவதன்று. இருவரும் ஒரே வரிசையில் வெவ்வேறு இடங்களில் நிற்பவர்கள்.

இனி நமது விடையைத் தெளிவாகக் கூறுவோம். விலக்கப்பட்ட முதிய பந்தேற்பாளன் ஒருவனைக் கழகம் ஏற்கலாமா? இரக்கத்தின் பேரில் ஏற்கவேண்டாம். வயதின் பேரில் மறுக்கவும் வேண்டாம். இளையவரோடு ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிட்டுப் பார்க்கட்டும். அவன் பின்தங்கினால், மறைக்காமல் அவன் முகத்துக்கு நேரே அதைக் கூறட்டும். அதுவும் ஒரு மரியாதையே. அவன் முந்தினால், முதல் ஆட்டத்துக்குப் பின்னரன்று, முன்னரே அவனை அழைத்துக் கையொப்பம் இடட்டும். அவனுடைய திறமையால் வரும் வெற்றியைப் பங்கிட எண்ணுபவர், அவனுடைய உடல் தரக்கூடிய இழப்பையும் பங்கிடட்டும். அவனிடம் உண்மையாகவே கடன்பட்ட பழைய கழகம், தன் நன்றியை அயல் அணியின் இடத்தைக் கொண்டு தீர்க்காமல், ஓய்வூதியத்தாலும் நீண்டகால மருத்துவ உதவியாலும் தீர்க்கட்டும்.

முதல் ஆட்டம் முடியட்டும் என்று காத்திருக்கும் அந்த ஒரு வாரம் கழகங்களுக்கு மிகச் சிறியதாகத் தோன்றலாம். ஒரு சமுதாயம் தன் உழைப்பாளியை மனிதனாகக் கருதுகிறதா, செலவாகக் கருதுகிறதா என்பது அந்த ஒரு வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது.